ஐந்து பேருக்கு மூன்று அறை

பழவேற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஐஸ் பெட்டிகளை அடுக்கி வைக்கும் சந்தின் முனையில் என் கடை இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், லேமினேஷன் போட ஒரு சின்ன மெஷின், வருகிறவர்கள் உட்கார இரண்டு ஸ்டூல், நான் உட்கார சக்கரம் வைத்த ஒரு நாற்காலி. அவ்வளவுதான். ஆதார் திருத்தம், மீன்பிடித் தடைக்கால நிவாரணம், முதியோர் பென்ஷன், ரயில் டிக்கெட் என்று பல வருடங்களாக மற்றவர்களுக்காகப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். எந்தக் கட்டத்தில் எதை எழுதினால் திருப்பி அனுப்புவார்கள், எதை எழுதினால் வாங்கிக்கொள்வார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். அதனால்தான் தம்பி அந்தப் பயணத்தின் காகித வேலை முழுவதையும் என்னிடம் விட்டான். நானும் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டேன். அது யாருடைய பயணம் என்பதே எனக்குப் பாதிவரை தெரியாது.

தம்பி ஜெர்மனியில் நர்ஸாக இருக்கிறான். சென்னையில் நர்சிங் படித்து, அதன்பிறகு எட்டு மாதம் அந்த ஊர் பாஷையும் படித்து, போய் நான்கு வருடம் ஆகிறது. எங்கள் நைனாவும் அம்மாவும் ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர்கள். வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கைகளால் தடவிக்கொண்டே போவார்கள். விரலில் தட்டுப்படுகிற இறாலை எடுத்து, பல்லில் கவ்வியிருக்கும் பனையோலைப் பறிக்குள் போடுவார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒருவன் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போயிருக்கிறான் என்று அம்மா சுண்ணாம்புக்குளத்தில் இருக்கும் பெரியம்மா வரைக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் அவன் போன் செய்தான். புரட்டாசியில் நாங்கள் மூன்று பேரும் அங்கே வர வேண்டும், பத்து நாள், கோட்டைகளும் பழைய காலத்து ஊர்களும் பார்க்கலாம், செலவெல்லாம் தன் பொறுப்பு என்றான். என் வீட்டுக்காரர் மீன் வண்டி ஓட்டுகிறவர். அவரால் பத்து நாள் வண்டியை விட்டுவிட்டு வர முடியாது. நீங்கள் போய் வாருங்கள் என்று அவர் சொல்லிவிட்டார்.

நைனாவுக்குக் கோட்டை என்ற சொல்லே பிடிபடவில்லை. எங்கள் ஊரிலும் கோட்டை என்று ஓர் இடம் இருக்கிறது. டச்சுக்காரர்கள் கட்டியது. இப்போது அங்கே மண்மேடும் சீமைக்கருவேலமும்தான். சுற்றிலும் பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கும். ஆடுகள் மேயும்.

"அத்தப் பாக்கவா பிளேன்ல போறது? இங்கயே கீதே," என்றார்.

தம்பி படங்கள் அனுப்பினான். மலை உச்சியில் கோபுரங்கள், சிவப்பு ஓடு வேய்ந்த வீடுகள், ஊரைச் சுற்றிக் கல் மதில். நைனா ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்துவிட்டு, அங்கே இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை, பார்க்க வருகிறவர்கள்தான் என்றேன். அப்படியானால் இவ்வளவு சுத்தமாக யார் பெருக்குகிறார்கள் என்று அம்மா கேட்டாள். அந்த எட்டு மாதமும் நான் சொல்லத் தெரியாமல் நின்ற கேள்விகளில் அது முதலாவது.

பயணத் திட்டம் ஆறு பக்கம், ஜெர்மன் மொழியில் வந்தது. கம்ப்யூட்டரில் அடித்தது இல்லை. பழைய டைப்ரைட்டரில் அடித்து, ஓரங்களில் பென்சிலால் பொடியாக எழுதி, அதை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தான். தம்பியின் கையெழுத்து எனக்குத் தெரியும். அது அவனுடையது இல்லை. ஆனால் யாராவது டிராவல்ஸ்காரர் போட்டுக்கொடுத்ததாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். போனைக் காகிதத்தின் மேல் பிடித்து, அது தமிழில் சொல்வதை நோட்டில் எழுதினேன்.

ஊர்ப் பெயர்களிலேயே முதல் குழப்பம் ஆரம்பித்துவிட்டது. வூர்ஸ்பர்க், ரோத்தன்பர்க், நியூரம்பெர்க், பாம்பெர்க். எல்லாம் ஒரே ஊர் மாதிரி இருந்தன. பர்க் என்றால் கோட்டை, பெர்க் என்றால் மலை என்று தம்பி விளக்கினான். சரி என்று அடுத்த பக்கத்துக்குப் போனால் மரியன்பெர்க் என்று ஒன்று வந்தது. அது மலை இல்லை, கோட்டை. நியூரம்பெர்க்கில் கோட்டையும் இருக்கிறது. தம்பி மறுபடியும் விளக்கினான். நான் புரிந்தது என்று சொல்லி போனை வைத்தேன்.

விசாவுக்கு ஒவ்வொரு நாளும் எங்கே இருப்போம் என்று இங்கிலீஷில் எழுதித் தர வேண்டும். எழுதினேன். எழுதி முடித்து மேப்பில் சரிபார்த்தபோது, நான்காம் நாள் காலையில் தெற்கே இருக்கும் நாங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வடக்கே ஐந்து மணி நேரத் தூரத்தில் இருக்கிறோம், ராத்திரிக்குள் மறுபடியும் தெற்கே வந்துவிடுகிறோம். ரோத்தன்பர்க் மாதிரிப் பெயருள்ள ஊர் அந்த நாட்டில் ஒன்று இல்லை, குறைந்தது மூன்று இருக்கிறது. ஆற்றின் பெயரைச் சேர்த்துச் சொன்னால்தான் எந்த ஊர் என்று தெரியும். அத்தனை பக்கத்தையும் முதலிலிருந்து அடித்தேன். அதற்குள் கடைக்கு வந்த ஒருவரின் ரேஷன் கார்டு விண்ணப்பத்தில் ஊர் என்ற இடத்தில் பாம்பெர்க் என்று அடித்து, பிரிண்டும் எடுத்துவிட்டேன். அவர் படித்துப் பார்க்காமல் மடித்து எடுத்துக்கொண்டு போக, பின்னாலேயே ஓடி வாங்கி வந்தேன்.

பெயர்களாவது பரவாயில்லை. திட்டத்துக்குள் இருந்த மற்ற விஷயங்கள்தான் என்னைக் குழப்பின. ஒரு நாளைக்கு ஓர் இடம்தான். தினமும் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை ஓய்வு, கட்டாயம் என்று போட்டு இரண்டு தடவை அடிக்கோடு. எல்லா ஊரிலும் தரைத்தள அறை. சாப்பாட்டுக்கு நேரே மென்மையானது என்று ஒரு குறிப்பு. ஏழாம் நாள் முழுக்க ஒரே ஒரு வரிதான். தேவாலயக் கதவு, வலது பக்கம், அரை மணி நேரம். கதவைப் பார்க்க ஒரு நாளா என்று யோசித்தேன். உள்ளே போவதைப் பற்றி எதுவுமே இல்லை. கடைசியில், உருளும் நாற்காலி, மடக்கக்கூடியது, ஒன்று என்று எழுதியிருந்தது. நான் என் கடை நாற்காலியைப் பார்த்தேன். இது எதற்குப் பயணத்தில் என்று நினைத்து, போன் தப்பாக மொழிபெயர்த்திருக்கும் என்று அந்த வரியை நீக்கிவிட்டேன்.

ஹோட்டல் ரசீதுகள் வந்தபோது ஒவ்வொன்றிலும் ஐந்து பேர், மூன்று அறை என்று இருந்தது. நாங்கள் மூன்று பேர், தம்பியோடு நான்கு. தம்பியைக் கேட்டேன். ஃபார்மில் அப்படித்தான் வரும் என்றான். ஃபார்மில் எதுவும் தானாக வராது என்பது எனக்குத் தெரியும். யாரோ ஒருவர் ஐந்து என்று எழுதினால்தான் ஐந்து என்று வரும். அதைச் சொன்னபோது டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் வாடகை வண்டியின் ரசீது வந்தது. அதில் படமும் இருந்தது. பின்கதவிலிருந்து தரைவரை ஒரு சாய்பலகை, அதன் மேல் ஏறி நிற்கும் சக்கர நாற்காலி. ஆஸ்பத்திரியில் நோயாளியை வைத்துத் தள்ளுவார்களே, அது. உருளும் நாற்காலி என்று நான் நீக்கிவிட்ட வரி என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் செய்த தப்பு, அதை அப்படியே கொண்டுபோய் வீட்டில் சொன்னது. நைனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் தண்ணீரில் குனிந்து நிற்கிற மனுஷனுக்கு வண்டியா, மத்தியானம் தூக்கமா, கூழ் மாதிரிச் சாப்பாடா, நான் என்ன படுத்த படுக்கையாகவா கிடக்கிறேன் என்று கேட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தம்பி நான்கு வருடமாக இவர்களைப் பார்க்கவில்லை, கிழமாகிவிட்டார்கள் என்று அவனாகவே முடிவு செய்துவிட்டான் போல என்று சமாதானம் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா என்னிடம் வந்து, தம்பி வீடியோவில் பேசும்போது நான் எப்போதாவது அவன் காலைப் பார்த்திருக்கிறேனா என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். பொங்கலுக்குப் பிறகு பேசியதெல்லாம் உட்கார்ந்தபடிதான். கழுத்துக்கு மேலேதான் தெரியும். பின்னால் ஒரு வெள்ளைச் சுவர். முன்பெல்லாம் பேசிக்கொண்டே நடப்பான், பனி விழுவதைக் காட்டுவான், சமையல் செய்வதைக் காட்டுவான். கொஞ்ச நாளாக அதெல்லாம் இல்லை. அம்மா சொல்லச் சொல்ல எனக்குள் எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர ஆரம்பித்தது. நாற்காலி அவனுக்கு. தரைத்தள அறை அவனுக்கு. மத்தியான ஓய்வு அவனுக்கு. ஐந்தாவது ஆள், அவனைத் தள்ளுகிறவர். நேரில் வரச்சொல்லிக் காட்டிவிடலாம் என்று இருக்கிறான், போனில் சொல்ல மனசு வரவில்லை. அதுவரை ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடந்த ஆறு பக்கமும் அப்போது மிகத் தெளிவாகப் புரிந்தது. நான் அதைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன். ஐந்து பேர், சரியாக வந்தது.

அம்மா இரண்டு நாள் ஏரிக்குப் போகவில்லை. நைனா போனார், ஆனால் பறி பாதிகூட நிறையாமல் திரும்பி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு, அங்கே மத்தியானம், கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு கம்ப்யூட்டரில் தம்பியைக் கூப்பிட்டேன். நைனாவும் அம்மாவும் ஸ்டூல்களில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் வெள்ளைச் சுவர் முன்னால் வந்தான். சாப்பிட்டீர்களா என்றான்.

"எழுந்து நில்லு," என்றாள் அம்மா.

"இன்னாம்மா?"

"எழுந்து நில்லுடா. நடந்து காட்டு."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எழுந்தான். போனைத் தள்ளிப் பிடித்து முழுசாகக் காட்டினான். நீலச் சட்டை, நீலக் கால்சட்டை, இரண்டு கால், வெள்ளை ஷூ. அந்தச் சின்ன அறைக்குள் நாலு எட்டு வைத்துத் திரும்பினான். அம்மா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். நைனா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. இத்தனைக்கும் நான்தானே காரணம்.

அப்படியானால் நாற்காலி யாருக்கு என்று கேட்டேன். அவன் போனோடு கதவைத் திறந்து வெளியே நடந்தான். நீளமான நடை. சுவரோரம் முழுக்கப் பிடித்து நடக்க மரக் கைப்பிடி. ஒரு பாட்டியம்மா தள்ளுவண்டியைப் பிடித்தபடி மெதுவாகப் போனார். ஜன்னல் ஓரத்தில் மெலிந்த உயரமான கிழவர் ஒருவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு மேப். தம்பி குனிந்து அவரிடம் ஏதோ சொன்னான். அவர் போனைப் பார்த்து, கையை உயர்த்தி, நன்றாக நிதானித்து, "வணக்கம்" என்றார். அம்மா கும்பிட்டாள்.

அன்றைக்குத்தான் தம்பி எல்லாவற்றையும் சொன்னான். அவன் வேலை செய்வது ஆஸ்பத்திரி இல்லை, முதியோர் இல்லம். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது, மருந்து கொடுப்பது, அதுதான் வேலை. அந்தப் பெரியவர் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியாராக இருந்தவர். வருடா வருடம் பிள்ளைகளை அந்தக் கோட்டைகளுக்கு அழைத்துப் போனவர். மூன்று வருடமாக இல்லத்தை விட்டு வெளியே போகவில்லை. ஒரு தடவை எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று அவரே உட்கார்ந்து திட்டத்தை டைப் அடித்திருக்கிறார். பயிற்சி பெற்ற ஆள் கூடப் போனால்தான் இல்லத்தில் அனுப்புவார்கள். அவர் தம்பியைத்தான் கேட்டார். தம்பிக்கு இருந்ததோ அந்தப் பத்து நாள் லீவுதான், அதை எங்களுக்காக வைத்திருந்தான். அதைச் சொன்னபோது, அவர்களையும் வரச்சொல், நான் காட்டுகிறேன் என்று அவர் சொன்னாராம். பொங்கலுக்குப் பிறகு சுவர் முன்னாலேயே உட்கார்ந்து பேசியது ஏன் என்றும் கேட்டேன். அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டான், நடமாடிப் பேசினால் பின்னால் இருக்கிற கிழவர்களும் கிழவிகளும் தெரிந்துவிடுவார்கள் என்றான்.

அவன் சொல்லி முடித்ததும் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அவருக்குப் பிள்ளைகள் இல்லையா என்று. இரண்டு பேர் இருக்கிறார்கள், தூரத்தில், மாதம் ஒரு தடவை வருவார்கள் என்றான். பின் ஏன் அவர் இங்கே இருக்கிறார் என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். தன் பிள்ளை எங்கே இருக்கிறான் என்பது அவளுக்கே நினைவு வந்திருக்க வேண்டும். அல்லது அது என் நினைப்பாக இருக்கலாம்.

நைனா எழுந்து ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போய்விட்டார். மறுநாள் காலையில் தான் வரவில்லை என்றார். என்ன கோபம் என்று அவர் சொல்லவில்லை. பிள்ளை பொய் சொன்னதா, அவன் பார்க்கிற வேலையா, தெரியாத ஒருவருடைய பயணத்தில் நாம் ஒட்டிக்கொண்டு போவதா. ஒவ்வொரு நாளும் ஒன்று என்று எனக்குத் தோன்றியது. அம்மா மட்டும் சித்திரையிலிருந்தே ஸ்வெட்டர் விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

நான் திட்டத்தைப் புதிதாக அடித்தேன். முன்பு நீக்கிய நாற்காலி வரியைத் திரும்பச் சேர்த்தேன். கூடப் பயணம் செய்கிறவர்கள் என்ற இடத்தில் பெரியவரின் பெயரை எழுதினேன். அதற்கடுத்த கட்டத்தில் உறவு என்று இருந்தது. இத்தனை வருடத்தில் உறவு என்ற கட்டத்தில் நான் நின்றதே இல்லை. கணவர், மகள், மாமியார், பாதுகாவலர், ஏதாவது ஒன்று இருக்கும். நண்பர் என்று எழுதினால் யாருக்கு நண்பர்? நோயாளி என்று எழுதினால் ஏன் எங்களோடு வருகிறார்? தம்பியைக் கேட்டால், விருந்தாளி என்று போடு என்றான். யார் யாருக்கு விருந்தாளி என்று கேட்டேன். கடைசியில் தெரிந்தவர் என்று எழுதினேன். அப்போது எங்களுக்கு அவரிடமிருந்து தெரிந்தது ஒரு வணக்கம் மட்டும்தான்.

விசா மையத்தில் மூன்று பேருக்கும் முன்பே நேரம் வாங்கியிருந்தேன். அன்று காலை நானும் அம்மாவும் பொன்னேரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தோம். வண்டி கிளம்புகிற நேரத்தில் நைனா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து, எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். நல்லவேளையாக அவருடைய காகிதங்களையும் நான் பையில் வைத்திருந்தேன்.

மையத்தில் அம்மாவின் விரல் பதியவில்லை. எங்கள் ரேஷன் கடையிலேயே பதியாது, கருவிழியை மெஷினில் காட்டித்தான் பொருள் வாங்குவாள். பல வருடம் சேற்றையும் கிளிஞ்சலையும் தடவிய கை, ரேகையே தெரியாது. அங்கே இருந்த பெண் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள், ஏதோ எண்ணெய் தடவிப் பார்த்தாள். நைனாவுக்கும் அதே கதைதான். அவருக்கு நான்கு விரல் பதிந்தது, அம்மாவுக்கு ஒன்றே ஒன்று. பதியாத விரல்களுக்கு ஏதோ குறிப்பு எழுதிக்கொண்டாள். என்னுடைய பத்தும் ஒரே தடவையில் பதிந்தன. அப்போது கவுண்டரில் இருந்த இன்னொருவர், இந்த ஐந்தாவது ஆள் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தமிழிலேயே சொன்னாள்.

"அவருதாங்க எங்கள கூட்டினு போறாரு."

அவர் தலையை ஆட்டி எதையோ எழுதிக்கொண்டார். அது பொய்யா உண்மையா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகச் சொல்லத் தெரியாது.

திரும்பும்போது ரயிலில் கூட்டம் இல்லை. மீஞ்சூர் தாண்டி, அனுப்பம்பட்டு வரும்போது நைனா முதல் முறையாக அந்தப் பெரியவரைப் பற்றிப் பேசினார். அவர் எவ்வளவு எடை இருப்பார் என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும், எதற்கு என்றேன்.

"கோட்டை மேட்டு மேல கீதுன்ற. ஒருத்தனா தள்ள முடியுமா? ரெண்டு பேர் வேணும்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடிதான் சொன்னார்.

ஆவணியில் பாஸ்போர்ட்டுகள் திரும்பி வந்தன. நைனாவுக்கும் அம்மாவுக்கும் விசா கொடுத்திருந்தார்கள். எனக்கு இல்லை. என் காகிதத்தில் பல காரணங்கள் வரிசையாக அச்சடிக்கப்பட்டிருந்தன, அதில் ஒன்றுக்கு நேரே ஒரு டிக். நான் திரும்பி வருவேன் என்பது உறுதியாகத் தெரியவில்லையாம். படிக்கத் தெரியாத, விரல் பதியாத, அங்கே பிள்ளை இருக்கிற இரண்டு பேர் திரும்பி வருவார்கள். கடையும் வீட்டுக்காரரும் இங்கே இருக்கிற நான் வர மாட்டேன். எதை எழுதினால் வாங்கிக்கொள்வார்கள் என்று தெரியும் என்று சொன்னேன் இல்லையா, அந்தக் காகிதத்தை எத்தனை தடவை படித்தும் நான் எந்தக் கட்டத்தில் தப்பு செய்தேன் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அழுகைகூட வரவில்லை. அடுத்தவருக்கு வந்த கடிதத்தைப் படிக்கிற மாதிரி இருந்தது.

நீ இல்லாமல் போக மாட்டேன் என்று அம்மா என்னிடம் சொன்னாள். போகத்தான் வேண்டும், அங்கே ஒரு மனுஷன் பெட்டி கட்டி வைத்திருப்பான் என்று நைனா சொன்னார். நான் ஊர்ப் பெயர்களைத் தமிழில் பெரிதாக எழுதி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தாள் என்று லேமினேஷன் போட்டு, கயிற்றில் கோத்துக் கொடுத்தேன்.

விமான நிலையத்தில் பாஷை தெரியாதவர்களைக் கைப்பிடித்து அழைத்துப் போக வேறு வழி இல்லை என்று தம்பி இருவருக்கும் சக்கர நாற்காலி கேட்டு எழுதியிருந்தான். வாசலில் அதைப் பார்த்ததும் நைனா நின்றுவிட்டார். தள்ள வந்தவர் உட்காரச் சொல்லிக் கெஞ்சினார். கடைசியில் நைனா தன் பையை அதில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் நடந்து போனார். அம்மா உட்கார்ந்துகொண்டு திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தாள். எங்களோடு வந்திருந்த என் வீட்டுக்காரர், வண்டியைக் கொண்டுவருகிறேன் என்று என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனார். நான் அங்கேயே ரொம்ப நேரம் நின்றேன்.

அந்தப் பத்து நாளும் நான் கடையில் திட்டத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு இந்த ஊர், இந்த நேரம் ஓய்வு என்று விரலால் தொட்டுக்கொண்டே போவேன். ஆனால் அங்கிருந்து வந்த செய்தி எதுவும் திட்டத்தோடு பொருந்தவில்லை. மூன்றாம் நாள் மரியன்பெர்க் என்று நினைத்துக் கூப்பிட்டால், மழை, ஹோட்டலிலேயே இருக்கிறோம் என்றார்கள். ரோத்தன்பர்க்குக்கு ஒரு நாள் தள்ளித்தான் போனார்கள். தெரு முழுக்கக் கல், நாற்காலிச் சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொள்கிறது, நானும் தம்பியும் நாற்காலியோடு சேர்த்து அவரைத் தூக்கிக்கொண்டு போனோம் என்று நைனா சொன்னார். குரலில் களைப்பு இருந்தது, சலிப்பு இல்லை. மதில் மேல் ஏறிப் பார்த்தீர்களா என்றேன். அவரால் ஏற முடியாது, நாங்கள் மட்டும் ஏறினால் நன்றாகவா இருக்கும் என்றார்.

ஏழாம் நாள் கதவைப் பற்றி நானே கேட்டேன். தேவாலயத்துக்கு வெளியே அரை மணி நேரம் நின்றோம் என்று தம்பி சொன்னான். வலது பக்கக் கதவில் மரத்தில் செதுக்கிய உருவங்கள், அதில் கீழ் வரிசையில் ஒருவன் மீன் கூடை தூக்கிக்கொண்டு நிற்கிறான். பெரியவர் நைனாவின் கையைப் பிடித்து இழுத்து அதைத் தொடச் சொன்னார். நைனா தொட்டுப் பார்த்துவிட்டு, கூடையைப் பிடித்திருக்கிற விதம் தப்பு, இப்படிப் பிடித்தால் மீன் கொட்டிவிடும் என்றார். தம்பி அதை மொழிபெயர்த்தான். பெரியவர் நிறைய நேரம் சிரித்தாராம். அந்தக் கதவு நாங்கள் வருகிறோம் என்று தெரிந்து திட்டத்தில் சேர்த்ததா, முன்பே இருந்ததா என்று கேட்டேன். தம்பி கேட்டுச் சொல்கிறேன் என்றான். சொல்லவில்லை.

அவர்கள் திரும்பி வந்து இரண்டு நாள் கழித்து, போனில் இருந்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, எது எந்த ஊர் என்று கேட்டேன். கோட்டை என்று பார்த்தால் இரண்டு படத்தில்தான் இருந்தது, அதிலும் தூரத்தில். மற்றதெல்லாம் கல் தரை, மழைக் குடை, சூப் கிண்ணம், பெரியவரின் முதுகு, குனிந்து அவருக்கு ஷூ மாட்டுகிற தம்பி. நைனா ஒவ்வொன்றையும் பார்த்து, இது அவருக்கு இருமல் வந்த ஊர், இது நல்ல ரொட்டி கிடைத்த ஊர் என்றார். பெயர் எதுவும் அவருக்கு நினைவில் இல்லை. தம்பி ஷூ மாட்டுகிற படம் வந்தபோது, கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டு என்றார். பார்த்துவிட்டு அடுத்ததைக் காட்டச் சொன்னார்.

கடைசியாக ஒரு படம். கார் நிறுத்துகிற இடத்தில், கம்பளி போர்த்திய பெரியவர் நாற்காலியில், பக்கத்து பெஞ்சில் ஸ்வெட்டர் போட்ட அம்மா. இது என்ன என்று கேட்டேன். கடைசி நாள் கோட்டை என்றாள். அன்று அவருக்கு மூச்சு வாங்கியது. மேலே போக வேண்டாம் என்று தம்பி சொல்லிவிட்டான். நீங்களாவது போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவர் விடாமல் சொன்னதால், நைனாவும் தம்பியும் மேலே போனார்கள். ஏதாவது ஒன்று என்றால் உடனே போனில் கூப்பிடு என்று தம்பி அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான். அவள் அவரோடு கீழேயே இருந்துவிட்டாள். ஒன்றரை மணி நேரம்.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாதே, என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் மேலே இருக்கிற ஜன்னல்களை ஒவ்வொன்றாகக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன் என்றாள். நடுவில் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். பிறகு தூங்கிவிட்டாராம்.

என்ன சொன்னார் என்றேன்.

"எனக்கு இன்னா தெரியும்? ரொம்ப நேரம் சொன்னாரு. முக்கியமான விஷயம் மாதிரிதான் இருந்துச்சு."

அன்று சாயங்காலம் தம்பியிடம் கேட்டுப் பார்த்தேன். தான் அப்போது நைனாவோடு மேலே இருந்ததாகச் சொன்னான்.